நூற்றுக்கு ஒன்று

நூற்றுக்கு ஒன்றை எடுத்துக் கேட்பது என் வேலை.
ஒஹாயோவில், சரக்கு ரயில் பாதையை ஒட்டிய தொழிற்சாலை,
இரவு பதினொன்று முதல் காலை ஏழு.
அச்சிலிருந்து இசைத்தட்டு சூடாக விழும்.
ஓரத்தில் பிதுங்கிய கறுப்பை ட்வேன் நறுக்கித் தள்ளுவான்.
நூறாவது தட்டு என் மேஜைக்கு வரும்.

இந்த மாதம் முழுக்க லீடா ஹார்கிரோவ்.
அரங்கம் நிரப்புகிறவள். வாணவெடிக்கு நடுவே
கயிற்றில் தொங்கி இறங்கிப் பாடுகிறவள்.
அவள் பேரில் வாசனைத் திரவியம்கூட உண்டு,
என் மகள் இரண்டு புட்டி வைத்திருக்கிறாள்.
இப்போது கன்ட்ரி பாட்டாம், நாட்டுப்புறப் பாட்டாம்.
அட்டையில் வெறுங்காலோடு நிற்கிறாள்,
பக்கத்தில் ஒரு கோவேறு கழுதை.
கழுதையின் முகத்தில் மட்டும் பொய் இல்லை.

பன்னிரண்டு பாட்டு.
ஒரு ரயில் கவிழ்கிறது. ஒருத்தியை ஆற்றில் தள்ளுகிறார்கள்.
ஒருவன் சிறையிலிருந்து கடிதம் எழுதுகிறான், பதில் இல்லை.
எல்லாச் சாவையும்
பாகில் முக்கி எடுத்துத் தருகிறாள்.
கிடார் பிசகவில்லை. பான்ஜோ பிசகவில்லை.
மூச்சிழுக்கும் சத்தத்தைக்கூட
யாரோ துணி வைத்துத் துடைத்திருக்கிறார்கள்.

இரண்டாம் பக்கம், நான்காவது, வெள்ளப் பாட்டு.
டாப்பெட் க்ரீக் பெருகி ஏழு வீடு போன கதை.
நான் பிறந்த பக்கத்து ஓடை.
நாங்கள் க்ரிக் என்போம்,
அவள் க்ரீக் என்கிறாள்.
குறிலில் செத்தவர்கள் நெடிலில் மிதக்கிறார்கள்.

முதல் வாரமே படிவத்தில் எழுதினேன்:
பக்கம் இரண்டு, பாட்டு நான்கு, உச்சரிப்பு.
மேற்பார்வையாளர் ஹோபர்ட் சிரிக்கவில்லை.
கீறல், வெடிப்பு, இரைச்சல், வளைவு,
இதற்குத்தான் கட்டம் போட்டிருக்கிறது, வெர்னா,
மற்றதெல்லாம் உன் சொந்த விஷயம்.

செவ்வாய், விடிய நான்கு மணி.
துளை நடுவில் விழாத ஒரு தட்டு.
மயிரிழைதான். கண்ணுக்குத் தெரியாது.
ஆனால் ஊசி தாங்கும் கை
இடமும் வலமும் மெல்ல ஆடும்,
தொட்டில் ஆட்டுகிறவள் பாதித் தூக்கத்தில் இருப்பதுபோல.
கை ஆடினால் குரலும் ஆடும்.
ஏற்றத்தில் கொஞ்சம் மிஞ்சும்,
இறக்கத்தில் கொஞ்சம் குழியும்.

வெள்ளப் பாட்டு வந்தது.
ஏழாவது வீட்டுக்காரர் பெயரைச் சொல்லுகையில்
அவளுக்குக் கால் நழுவியது.
பிடித்துக்கொண்டாள். மறுபடி நழுவியது.
நெடில் நெடிலாகத்தான் இருந்தது.
அதைப் பற்றி எனக்குப் புகார் இல்லாமல் போயிற்று.

ஹெட்போனைக் கழற்றினேன்.
பாய்லர் ஓடிக்கொண்டிருந்தது.
ட்வேன் முட்டை சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தான்.
மறுபடி மாட்டிக்கொண்டேன்.

விதியில் குழப்பம் இல்லை.
துளை பிசகியதை அரவையில் போட வேண்டும்.
கருமணியாக உதிரும்,
அடுத்த வாரம் வேறு யாருடைய குரலாகவோ ஆகும்.
கட்டு முழுவதையும் நிறுத்திப் பார்க்க வேண்டும்.
பார்த்தோம். அறுபத்து மூன்றை அரைத்தோம்.
இயந்திரம் பல்லைக் கடித்துக்கொண்டு வேலை செய்தது.

இந்த ஒன்றை
உறையில் இட்டேன், அட்டையில் செருகினேன்.
கழுதை என்னையே பார்த்தது.
வீட்டுக்குக் கொண்டுபோக நினைக்கவில்லை என்றால் பொய்.
கொண்டுபோனால் அது திருட்டு.
பெட்டியில் போட்டேன். அது வெறும் கவனக்குறைவு.

லாரி நெப்ராஸ்கா பக்கம் போயிற்று.
யாரோ வாங்கியிருப்பார்கள்.
ஊசியை மாற்றிப் பார்த்திருப்பார்கள், மேஜைக் காலுக்கு
அட்டைத் துண்டு முட்டுக் கொடுத்திருப்பார்கள்,
கடைக்காரனிடம் கத்தியிருப்பார்கள்.
நான்கு மாதம் ஆகிறது,
திரும்பி வந்த பெட்டிகளில் அது இல்லை.

மகள் கேட்டாள், ஆல்பம் எப்படி என்று.
ஒன்று நன்றாக இருந்தது என்றேன்.
எந்தப் பாட்டு என்றாள்.